குரலுக்குப் பின்னால் யார்?

ஜவ்வாது மலையில் குரல்வழி உதவிக் கருவியை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் அதற்கென்று தனிப்பெயர் எதுவும் சொல்வதில்லை. யூடியூபில் மைக் படத்தைத் தொட்டுப் படத்தின் பெயரைச் சொல்லிப் பாட்டு தேடும் சிறுவனுக்கு அது போன்தான். எழுத்துக் கூட்டத் தெரியாத தாய், திருப்பூரிலோ கேரளத்திலோ வேலைக்குப் போயிருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் பேசியே செய்தி அனுப்புகிறாள். அவளுக்கும் அது போன்தான். விசைப்பலகையைத் தாண்டாமல் நேரே வாயிலிருந்து காதுக்குப் போகும் வழி ஒன்று கிடைத்ததும் மலைக்காரர்கள் அதைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார்கள். கல்வி குறைந்த இடத்தில் தொழில்நுட்பம் ஏறாது என்று சொல்லிவந்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

தமிழுக்கு இந்த வசதி வந்து அதிகக் காலம் ஆகவில்லை. ஆப்பிளின் சிரி 2011-இலும் அமேசானின் அலெக்சா 2014-இலும் ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்தன. தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியை கூகுள் 2017 ஆகஸ்டில் கொடுத்தது. அதன் அசிஸ்டன்ட் பின்னர் தமிழ் கற்றது. 2024 அக்டோபரில், நிறுத்தி நிதானித்து உரையாடக்கூடிய ஜெமினி லைவும் தமிழுக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில், கட்டளை கேட்கும் கருவி என்ற நிலையிலிருந்து கலந்து பேசும் துணை என்ற நிலைக்கு விளம்பரம் நகர்ந்துவிட்டது. ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ நெல்லிவாசலிலோ இருக்கும் ஒருவர் இந்தத் துணையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை நிதானமாகப் பேசிப்பார்க்க இது ஏற்ற நேரம்.

ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சாமை அறுத்துக் களத்தில் கிடக்கிறது. மேற்கே கருக்கலாக இருக்கிறது. "டேய் கண்ணு, சாம காயப் போட்டிருக்கு, நாளைக்கு மழ வருமான்னு அந்த போன்ல கேளு" என்கிறாள் பாட்டி. பேரன் போனை அவள் வாயருகே நீட்டுகிறான்.

இதற்குப் பிறகு நடப்பவை பல. அவள் குரல் முதலில் அலையாகப் பதிவாகிறது. பெரும்பாலான போன்களில் அது தொலைவிலுள்ள கணினிக்குப் போயாக வேண்டும். மலை மடிப்புக்குள் இருக்கும் ஊர்களில் டவர் எட்டாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எட்டினால் அந்தக் கணினி ஒலியைச் சொல்லாக்க முயலும். அது காதால் மட்டும் கேட்பதில்லை. இந்த ஒலிக்கு முன்னும் பின்னும் எந்தச் சொல் வரக்கூடும் என்று, தான் பார்த்த எழுத்துக் குவியலை வைத்து ஊகிக்கவும் செய்கிறது. அந்தக் குவியலில் சாமி உண்டு, சாமான் உண்டு, ஏராளமாக உண்டு. சாமை அரிது. அதிலும் பாட்டி சொன்னது 'சாமை' இல்லை, 'சாம'. வட மாவட்டப் பேச்சில் பலர் வாயில் பழம் 'பயம்' ஆகும். அறியாச் சொல்லை அறிந்த சொல்லாக மாற்றிக் கேட்டுக்கொள்வது இந்தக் கணினிக்கு இயல்பு. கேட்டது பிழையாகிவிட்டால் அதன்மேல் கட்டப்படும் பதிலும் பிழைதான்.

இதில் பாட்டியின் உச்சரிப்பைக் குறை சொல்ல இடமில்லை. அமெரிக்காவில் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி முறைகளைச் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் சராசரியாக நூறு சொல்லுக்கு 19 சொல் பிழையானது. கறுப்பினத்தவர் பேச்சில் 35 சொல் பிழையானது. பேசியது அதே ஆங்கிலம், அதே நாடு. யாருடைய குரல்களைக் கேட்டுப் பழகியதோ அவர்களுக்கே கணினி நன்றாகக் காதுகொடுக்கிறது. நகரத்துத் தமிழையும் செய்தி வாசிப்பையும் கேட்டுப் பழகிய ஒன்று மலைத் தமிழில் தடுமாறுவதற்கும் இதுவே காரணம்.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக அவர்கள் மரபு சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, சேர்வராயன் உட்பட எல்லா இடங்களையும் சேர்த்து அவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர். தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் மிகப் பெரிய சமூகம் அவர்களுடையது. ஆனாலும் பேச்சுத் தரவு என்று வரும்போது அவர்கள் வெறுமனே 'தமிழ்' என்ற ஒற்றைத் தலைப்புக்குள் கரைந்துவிடுகிறார்கள். தமிழ் தெரியும் என்று ஒரு கருவி சொன்னால், யாருடைய தமிழ் என்று திருப்பிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இந்தக் குறையை நேர்செய்யும் வேலை தமிழ்நாட்டிலேயே நடக்கிறது என்பது ஆறுதல். சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி வழிநடத்திய குழு, இந்திய மொழி எழுத்தைப் பேச்சாக்கும் பணியைப் பல்லாண்டு செய்துவந்திருக்கிறது. அதே வளாகத்தில் இயங்கும் ஏஐ4பாரத் 2024-இல் இண்டிக்வாய்சஸ் என்ற குரல் தொகுப்பை வெளியிட்டது. 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணி நேரப் பேச்சு. அதில் நான்கில் மூன்று பங்கு, எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் மனிதர்கள் தாமாகப் பேசியது. இதன் அருமை தெரிய இன்னோர் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2022-இல் வந்த ஓப்பன்ஏஐயின் விஸ்பர் பேச்சறி மாதிரி 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்து அதில் இருந்தது 1,17,000 மணி நேரம்தான்.

பாட்டியின் கேள்வியைக் கருவி சரியாகவே கேட்டுக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பதில் எங்கிருந்து வரும்? வானிலைத் துறையின் வேளாண் அறிவுரை செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வெளியாகிறது. 2019-இல் வந்த மேகதூத் செயலி அதை உழவர் கைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஜவ்வாது மலை ஒரே மாவட்டத்தில் இல்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்றுக்கும் பங்கு உண்டு. போளூர்ச் சமவெளிக்கும் ஜமுனாமரத்தூர் மேட்டுக்கும் ஒரே மாவட்டப் பெயர். மழைக்கோ மாவட்ட எல்லை தெரியாது. 2024 அக்டோபரில் ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பு தொடங்கப்பட்டது நல்ல நகர்வு. அப்போதும் பதில் "இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்புள்ளது" என்றுதான் ஒலிக்கும். கேட்டவளுக்கு வேண்டியது, சாமையை அள்ளலாமா, இன்னும் ஒரு வெயில் பார்க்கலாமா என்பது. அந்த முடிவை அவள் மேற்குத் திசையைப் பார்த்தும், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டும், போனையும் கேட்டும் எடுப்பாள். மூன்றில் ஒன்றாக இருப்பதுதான் இன்றைய கருவிக்குரிய இடம்.

எந்திரத்திடம் தமிழில் கேட்டுப் பதில் பெறும் கனவு, போன் நிறுவனங்கள் தமிழைக் கவனிப்பதற்கு வெகு முன்பே இங்கு சோதிக்கப்பட்டது. 2006-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த மேடலின் ப்ளாஷே, மது பிரபாகர் ஆகியோர் 'தமிழ் மார்க்கெட்' என்ற பேச்சுவழி முறையைத் தமிழ்நாட்டுக் கிராமத்தினருக்காக வடிவமைத்தார்கள். வானிலை, சந்தை விலை, பயிர்க் குறிப்பு ஆகியவற்றை மட்டும் அது சொல்லும். எழுத்தறிவில் வெவ்வேறு நிலையில் இருந்தவர்கள் அதனோடு பேசி வேண்டியதைப் பெற முடிகிறதா என்று பார்த்தார்கள். அதே ஆண்டு ப்ளாஷேயும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட இன்னோர் ஆய்வுக்கு, மூன்று மாவட்டக் கிராமத்தினரின் குரல் பதிவாகியிருந்தது. உலகத்திலுள்ள எல்லாச் சொல்லையும் கற்க வேண்டாம், அந்த ஊருக்குத் தேவையான சில சொற்களை அந்த ஊர்க்காரர் வாயிலிருந்தே கற்றால் போதும் என்பது அவர்கள் எடுத்த நிலை. இன்று மறுபடி எடுத்துப் படிக்க வேண்டிய யோசனை அது. அகலமாகக் கற்றுத் தடுமாறுவதைவிடச் சிறிதாகக் கற்றுச் சரியாகச் செய்வது மலைக்குப் பொருந்தும்.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வட்டாரத்தில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். செயற்கைக்கோள் வழிக் கணிப்பு, கணினி, இணையம் எல்லாம் பின்னாலிருந்தன. கடலோரத்தில் நின்றவர்கள் காதில் விழுந்ததோ ஊரில் தெரிந்த ஒருவரின் குரல். கணிப்பு தப்பினால் மறுநாள் அவரைத் தெருவில் நிறுத்திக் கேட்கலாம்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் அந்த ஏற்பாட்டின் முழு மதிப்பு தெரிந்தது. அத்தகைய மையம் ஒன்று இருந்த நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசினார். வீட்டார் சொல்ல, ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் கரையைவிட்டு விலகியது, உயிர் தப்பியது. கருவி அங்கே மூன்று வேலை செய்தது. தொலைவைக் கடந்தது, குரலைப் பெருக்கியது, ஒரே நேரத்தில் எல்லோர் காதையும் எட்டியது. நம்பிக்கையை மட்டும் அது உண்டாக்கவில்லை. சொன்னவர் நம் ஊர்ப் பிள்ளை என்பதால்தான் கால்கள் நகர்ந்தன.

அறுபதுகளில் தஞ்சாவூர் வட்டாரத்தில் ஏடிடீ 27 ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கியது. வானொலியில் கேட்டு விதைத்ததால் அந்தப் பெயர். ஒலிபரப்புக்குப் பின்னால் வேளாண் அலுவலரும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையமும் இருந்தார்கள் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் கால் சென்டரும் அந்த வகையே. 1800-180-1551 என்ற எண்ணை அழைத்தால் வேளாண்மை படித்த ஒருவர் தமிழில் பேசுவார். அவருக்குத் தெரியாவிட்டால் மேலே உள்ளவரிடம் இணைப்பார். குரலை நம்புவதென்றால் குரலுக்குப் பின்னால் பதில்சொல்ல ஓர் ஆள் இருப்பதை நம்புவது என்றுதான் இந்த நாட்டில் இதுவரை பொருள்பட்டிருக்கிறது.

ஜவ்வாது மலையடிவாரத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்குள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் பத்துப்பாட்டில் ஒன்று. 583 அடிகள். பாடியவர் பெருங்கௌசிகனார். மலையில் எழும் ஒலிகளை வரிசையாக அடுக்கும் அந்த நூல் ஓர் ஆற்றுப்படை. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், இரவில் நடக்காதீர்கள் என்கிறான். தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், பாம்பு உறையும் குழிகள் உண்டு, சில இடத்தில் கால் வழுக்கும் என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் சொல்லுக்கு எடை தருவது அவன் நடந்துவந்த கால்கள். பரிசின் பெருமையைப் பேசும் அதே வாயால் ஆபத்தையும் பேசுகிறான்.

புதிய தலைமுறைக் குரல் கருவிகளிடம் இல்லாதது இதுதான். பழைய அசிஸ்டன்ட் தெரியாவிட்டால் "புரியவில்லை" என்று கையை விரிக்கும். அது எரிச்சலூட்டியது, ஆனால் தீங்கில்லை. இப்போதைய மொழி மாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கோத்துக்கொண்டே போகின்றன. அதனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே சரளத்தில், ஒரே கனிவில் சொல்லிவிடும். மருந்தளவைத் தவறாகச் சொல்லும்போதும் குரலில் தடுமாற்றம் இருக்காது. மனிதர் பொய் சொல்கையில் நாம் பிடிக்கும் தயக்கம், கண் விலகல், குரல் நடுக்கம் எதுவும் அதில் இல்லை. எழுத்தைப் படிப்பவர் மேலும் கீழும் பார்த்து ஒப்பிடலாம். காதால் மட்டும் கேட்கிறவருக்கு ஒரே ஒரு பதில் வருகிறது, வந்த வேகத்தில் போய்விடுகிறது.

இந்த மலையிலேயே கருவியைக் கையாளும் வேறொரு பண்பாடும் இருக்கிறது. காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் நிற்கிறது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். இன்று அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அதைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கான தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. வானியலாளர் தம் கருவி எவ்வளவு மங்கிய ஒளிவரை பார்க்கும் என்று அறிந்தே இரவைத் தொடங்குகிறார். அளவோடு பிழை வரம்பையும் சேர்த்தே எழுதுகிறார். மேகம் மூடினால் பார்க்க முடியவில்லை என்று பதிவுசெய்கிறார். போனிலிருக்கும் குரலிடமும் இந்த ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது அதிகப்படியல்ல.

ஏன் வற்புறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சிரி, அலெக்சா, கூகுள் அசிஸ்டன்ட் மூன்றையும் வைத்து அமெரிக்காவில் நடத்திய சோதனை 2018-இல் வெளியானது. மருந்து, அவசர நிலை தொடர்பான கேள்விகளைச் சாதாரண மனிதர்கள் கேட்டார்கள். பாதிக்கு மேல் பதிலே கிடைக்கவில்லை. கிடைத்த 168 பதில்களின்படி நடந்திருந்தால் 49 பதில்களால் தீங்கு நேர்ந்திருக்கக்கூடும், அவற்றில் 27 மரணம்வரை போயிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆங்கிலத்தில், நல்ல இணைப்பில், படித்தவர்கள் நடுவில் வந்த கணக்கு இது. அதற்குப் பிறகு கருவிகள் தேறியிருக்கின்றன. மலைப்பேச்சுத் தமிழில் இப்படி ஒரு சோதனையில் தேறிக் காட்டாத கருவியிடம் குழந்தையின் மருந்தளவைக் கேட்கலாகாது.

குரல் சரியாகவே இருந்தாலும் போதாத இடங்கள் உண்டு. 2023 மே மாத இறுதியில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையிலுள்ள அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத ஊர். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே குழந்தை இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல் போக முடியாமல், தாய் அந்தச் சிறு உடலைச் சுமந்து மலையேறினாள். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று எந்தக் கருவியைக் கேட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லும். சரியான பதில். 2008-இலிருந்து தமிழ்நாட்டில் இயங்கும் 108-ஐயும் அதுவே அழைத்துத் தரும். பதிலுக்கும் படுக்கைக்கும் இடையிலுள்ள மண்பாதையைக் குரலால் போட முடியாது. டிஜிட்டல் வசதி வந்துவிட்டது என்று சாலைக்கான கோப்பு ஒருநாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. இந்த எதிர்பார்ப்பு கருவியின் மேல் வைப்பதல்ல, அரசின் மேல் வைப்பது.

அப்படியானால் கருவி எதற்கு நல்லது? நிறையவற்றுக்கு. பாட்டுப் போட, ஆளை அழைக்க, அதிகாலை எழுப்ப, எடைக்கு விலை பெருக்கிச் சொல்ல. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாதவருக்கு உரக்கப் படித்துக் காட்ட. பார்வையற்றவருக்கு ஆண்ட்ராய்டு போனிலுள்ள டாக்பேக் செய்வது இதே வேலைதான், அவர் பிறர் தயவின்றிப் போனை ஆள அது வழிசெய்கிறது. இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. பிழையானால் உடனே தெரியும், மறுபடி சொன்னால் சரியாகும், இழப்பு எதுவும் இல்லை. இந்த வட்டத்துக்குள் தாராளமாக நம்பலாம். மருந்து, கடன், பட்டா, பூச்சிமருந்து அளவு ஆகியவை அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அங்கே கருவி ஒரு மனிதரின் எண்ணைத் தேடித் தரலாம், பேச்சை அவரிடம் ஒப்படைக்கலாம்.

வீட்டுக்குள் காது ஒன்று எப்போதும் திறந்திருப்பதையும் மறக்கலாகாது. அமேசான், கூகுள், ஆப்பிள் ஆகியவற்றின் கருவிகளில் பதிவான பேச்சின் ஒரு பகுதியை மனிதர்கள் உட்கார்ந்து கேட்டு வந்தது 2019-இல் அடுத்தடுத்து வெளியானது. பழங்குடி வீட்டின் பேச்சு யாருக்குப் போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்று அவர்கள் மொழியிலேயே சொல்லிச் சம்மதம் கேட்பது மரியாதை.

செய்து பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் மாணவர்கள், தம் வீட்டுப் பெரியவர்கள் அன்றாடம் கேட்கும் ஓர் இருபது கேள்விகளைத் தொகுக்கலாம். சாமைக்கு இன்று என்ன விலை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, டாக்டர் இன்று வந்திருக்கிறாரா, ரேஷன் எப்போது, வேலைநாள் கூலி கணக்கில் ஏறிவிட்டதா. அந்தக் கேள்விகளைப் பெரியவர்கள் தங்கள் பேச்சில், தங்கள் சம்மதத்தோடு பதிவுசெய்யட்டும். பதிவு ஊராட்சியின் உடைமையாக இருக்கட்டும். பேச்சறி வேலைக்குச் சென்னை ஐஐடி போன்ற இடங்களில் திறமை இருக்கிறது. பதிலைத் தினமும் சரிபார்க்கும் பொறுப்பு ஜமுனாமரத்தூர் ஒன்றிய அலுவலகத்தில் ஒருவருக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் அவர் பதவியும் எண்ணும், தகவல் எந்தத் தேதியுடையது என்பதும் ஒலிக்க வேண்டும். இணையம் இல்லாத பட்டன் போனிலிருந்தும் அழைக்க முடிய வேண்டும். இருபது கேள்வி சரியாக நடந்தால் இருபத்தொன்றாவதைச் சேர்க்கலாம். இதற்குப் பெரிய தொகை தேவையில்லை, புதிய கண்டுபிடிப்பும் தேவையில்லை. ஓர் ஆடிப்பட்டத்துக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தில் ஊரார் அதைச் சோதித்து, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கிராமசபையில் முடிவெடுத்துவிடலாம்.